19 வாரத்தில் கலைத்த கரு: உடலைக் கேட்டால் தர மாட்டார்களா? சட்டம் என்ன சொல்கிறது?

கொன்றைமரம் | மார்ச் 4, இரவு 10:12

வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குச் சட்டம் தெரிந்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

என் தங்கைக்கு இது முதல் கர்ப்பம். 19-ஆவது வாரம் அனாமலி ஸ்கேனில் (உறுப்புக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவே இல்லை என்று தெரிந்தது. இன்னொரு இடத்திலும் எடுத்துப் பார்த்தோம், அதே பதில். பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்றார்கள். கலைத்துவிட முடிவு செய்தோம். தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மாத்திரை வைத்து, பதினாலு மணி நேரம் வலிபட்டு, விடியற்காலை நாலரைக்கு வெளியே வந்தது.

அம்மா முந்தின நாளே அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு பாதியைக் கிழித்துத் துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தார். எங்கள் பக்கம் பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பதுதான். ஊருக்குக் கொண்டுபோய் வயலோரம் வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கேட்டதற்கு, "அதெல்லாம் தர மாட்டாங்கம்மா, மஞ்சள் பையிலதான் போகணும், ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மறுபேச்சு பேசவில்லை. வேட்டித் துணியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தங்கை அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க கொண்டுபோயிருப்பாங்க?" என்றாள்.

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறதா? எங்கே கொண்டுபோவார்கள்?

---

ராத்திரி டூட்டி | மார்ச் 4, இரவு 11:40

முதலில் தங்கைக்குப் பால் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 19 வாரத்திலும் பால் ஊறும். டிஸ்சார்ஜ் செய்யும்போது இதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் அது பாட்டுக்கு மார்பு கனத்து வலிக்கும், அந்தப் பெண் தனியாக அழும். டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் லேபர் வார்டில் 22 வருடமாக இருக்கிறேன். மஞ்சள் பை உண்மைதான். நஞ்சுக்கொடி, எடுத்த கர்ப்பப்பை, வெட்டிய விரல், கலைந்த கரு எல்லாம் மஞ்சளுக்குத்தான் போகும். முக்கால் பை நிறைந்ததும் கட்டி, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, எடை போட்டு, கழிவு அறையில் வைப்போம். உடற்கூறு கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும். அவர்கள் இடத்தில் எரிப்பார்கள்.

ஆனால் "தரவே மாட்டாங்க" என்பது முழு உண்மை இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். முஸ்லிம் குடும்பங்கள் நாலு மாதம் தாண்டியிருந்தால் கட்டாயம் கேட்பார்கள். குளிப்பாட்டி, கபனிட்டு, பள்ளிவாசல் மையவாடியில் அடக்குவார்கள். கிறிஸ்தவர்கள் சிலர் கேட்பார்கள். பெரிய டாக்டர் சரி என்றால், அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு பஞ்சும் துணியும் சுற்றிக் கொடுத்துவிடுவோம். சர்க்கரை வியாதியில் எடுத்த காலைக் கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு. எல்லாம் அன்றைக்கு ட்யூட்டியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

---

வாய்தா | மார்ச் 5, காலை 7:55

சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

2016-இன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். 1998-இல் வந்த பழைய விதிகளின் இடத்தில் வந்தவை. அதன் முதல் அட்டவணையில் மஞ்சள் வகையின் முதல் வரியே மனித உடற்கூறு கழிவுதான்: திசுக்கள், உறுப்புகள், உடல் பாகங்கள், "தனித்து உயிர்வாழும் பருவத்தை எட்டாத கரு". எரிக்க வேண்டும், அல்லது பிளாஸ்மா முறையில் அழிக்க வேண்டும், அல்லது ஆழக்குழியில் புதைக்க வேண்டும். ஆழக்குழி எல்லாருக்கும் இல்லை; பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எட்டாத கிராமப்புறம், தொலைதூரப் பகுதிகளுக்கு மட்டும். அதே அட்டவணையின் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: கருவை மஞ்சள் பையில், கருக்கலைப்புச் சான்றிதழின் நகலோடு கழிவு நிலையத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதில் மூன்று ஓட்டை.

ஒன்று, "தனித்து உயிர்வாழும் பருவம்" எது என்பதற்கு விதி, 1971-இன் கருக்கலைப்புச் சட்டத்தைக் கை காட்டுகிறது. அந்தச் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அப்படி ஒரு வரையறை கிடையாது. அதில் இருப்பது எத்தனை வாரம் வரை கலைக்கலாம் என்ற கணக்கு. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும், 20-இலிருந்து 24 வரை குறிப்பிட்ட சில பெண்களுக்கு இரண்டு மருத்துவர். கருவில் கடுமையான குறை இருந்து மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் வார வரம்பே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவிலோ 28 வாரம் முடிந்தால்தான் "இறந்து பிறந்த குழந்தை" என்று எழுதுவார்கள். அப்படியானால் மருத்துவக் குழு அனுமதித்து 26 வாரத்தில் கலைத்த கரு எதில் சேரும்? பதிவேட்டிலும் இடமில்லை, கழிவு என்று சொல்லவும் தெளிவில்லை. நடுவில் தொங்குகிறது.

இரண்டு, கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் பெயர் அனுமதிப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் வரக் கூடாது. கேஸ் ஷீட்டில்கூட வரிசை எண்தான். வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை. அதே பெண்ணின் சான்றிதழ் நகலைக் குப்பை வண்டியோடு அனுப்பு என்று இன்னொரு விதி. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே அரசாங்கம்.

மூன்று, கொன்றைமரம் கேட்டது. குடும்பத்திடம் கொடுக்கலாம் என்று விதியில் இல்லை. கொடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இல்லை. பெற்றவள் என்று ஒருத்தி இருப்பதே அந்த விதிகளுக்குத் தெரியாது. கழிவை உண்டாக்குபவர், எடுத்துச் செல்பவர், எரிப்பவர். அவ்வளவுதான் ஆட்கள்.

"வீட்டில் புதைத்தால் போலீஸ் வருமா" என்று அடுத்துக் கேட்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 94-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 318: பிறப்பை மறைக்கும் நோக்கத்தோடு குழந்தையின் உடலை ரகசியமாகப் புதைத்தால் இரண்டாண்டு வரை சிறை. "மறைக்கும் நோக்கம்", "ரகசியம்" இரண்டும் இருக்க வேண்டும். சட்டப்படி கலைத்து, காகிதம் கையில் இருக்கும்போது அது வராது. ஆனாலும் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

---

நெருஞ்சி | மார்ச் 5, காலை 10:20

கொன்றைமரம் மன்னிக்க வேண்டும், உங்கள் அம்மாவின் துக்கம் புரிகிறது. ஆனாலும் இந்தப் பேச்சு போகிற திசை எனக்குப் பயமாக இருக்கிறது. கருவுக்கு ஈமக்கடன் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அமெரிக்காவில் பார்த்துவிட்டோம். இன்றைக்கு "கேட்டால் கொடுங்கள்" என்பீர்கள், நாளைக்கு "எல்லாரும் புதைத்தே ஆக வேண்டும்" என்று ஒருவன் சட்டம் கொண்டுவருவான்.

இந்தியாவில் 2015-இல் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்று ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 81 சதவீதம் மாத்திரையில் நடந்தவை. பெரும்பாலும் வீட்டுக் கழிப்பறையில் முடிந்துபோனவை. அதற்கெல்லாம் எந்தப் பை, என்ன நிறம்?

---

அடியேன்_72 | மார்ச் 5, காலை 11:02

உயிர் உயிர்தான். அதை ஊசி, பஞ்சோடு ஒரே கொட்டகையில் போட்டு எரிப்பதை எந்தச் சமயமும் ஒப்புக்கொள்ளாது. அமெரிக்காக்காரன் சட்டம் போட்டதில் என்ன தப்பு?

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. புறநானூற்றில் 74-ஆம் பாட்டு: பிள்ளை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகவே பிறந்தாலும், ஆள் இல்லை என்று தள்ளாமல் வாளால் கீறித்தான் புதைப்பார்களாம். பிண்டத்துக்கும் மரியாதை இருந்தது.

---

வாய்தா | மார்ச் 5, மதியம் 1:31

அடியேன் ஐயா, அந்தப் பாட்டைப் பாடியவன் சிறையில் தண்ணீர் கேட்டு அவமானப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறை. போரில் சாகாதவன் ஆணே இல்லை என்ற காலத்து மரியாதை அது. பெற்றவளைக் கேட்டா கீறினார்கள்? (உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது, நாளைக்கு எங்கேயாவது எடுத்துவிடுவேன்.)

---

ஹூசியர்_முருகன் | மார்ச் 5, இரவு 9:48

அமெரிக்கா என்று பொதுவாகப் பேசுகிறீர்கள். நான் இண்டியானாவில் 14 வருடமாக இருக்கிறேன். இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீளும்.

2016 மார்ச்சில் அன்றைய ஆளுநர் மைக் பென்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் கலைத்த கருவை மற்ற அறுவைக் கழிவோடு சேர்த்து எரிக்கலாம், நம் ஊர் மஞ்சள் பை மாதிரிதான். புதுச் சட்டப்படி எத்தனை வாரக் கருவானாலும், கலைத்ததோ தானாகக் கலைந்ததோ, மருத்துவமனையோ கிளினிக்கோ அதைப் புதைக்க வேண்டும் அல்லது தகனம் செய்ய வேண்டும். பல கருக்களை ஒன்றாகத் தகனம் செய்யலாம். பெண் விரும்பினால் தானே வாங்கிக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் அவள் என்ன செய்கிறாள் என்று சட்டம் கேட்காது.

கீழ்க் கோர்ட் அந்த ஜூன் மாதமே தடை போட்டது. மேல்முறையீட்டிலும் 2018-இல் அரசு தோற்றது. 2019 மே 28-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியை மட்டும் செல்லும் என்றது. வாய் வார்த்தை விவாதம்கூடக் கேட்கவில்லை. கருவின் எச்சத்தை முறையாக அகற்றுவதில் அரசுக்கு நியாயமான அக்கறை இருக்கலாம் என்பதுதான் காரணம். இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டம் பெண்ணின் உரிமைக்கு இடைஞ்சலா என்ற கேள்வியை வழக்குப் போட்டவர்கள் எழுப்பவே இல்லை. அரசின் நோக்கத்துக்கும் சட்டத்துக்கும் பொருத்தம் உண்டா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. இதே உச்ச நீதிமன்றம் 1983-இல் ஒஹாயோவின் அக்ரன் நகரம் போட்ட "மனிதாபிமானமாக, சுகாதாரமாக அகற்ற வேண்டும்" என்ற விதியைத் தெளிவில்லை என்று தூக்கி எறிந்தது.

டெக்சாஸ் கதை இன்னும் வெளிப்படை. 2016 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் டெக்சாஸின் கிளினிக் கட்டுப்பாடுகளை ரத்து செய்தது. நாலே நாளில், ஜூலை 1-ஆம் தேதி, கருவைப் புதைக்க வேண்டும் என்ற புது விதி அரசிதழில் வந்தது. கதவைச் சாத்தினால் ஜன்னல். அது கோர்ட்டில் தடைபட்டதும் 2017-இல் அதையே சட்டமாக்கினார்கள். 2018 செப்டம்பரில் நீதிபதி டேவிட் எஸ்ரா அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்.

நெருஞ்சி, நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் இங்கே பல கிளினிக் நடத்திய ஒரு மருத்துவர் இறந்தார். இல்லினாயில் இருந்த அவர் வீட்டுக் கேரேஜில் 2,246 கருக்கள் பெட்டி பெட்டியாக. பிறகு ஒரு காரின் டிக்கியிலும். மொத்தம் 2,411. அடுத்த பிப்ரவரியில் சௌத் பெண்ட் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைத்தார்கள். அந்தக் கருக்கள் பெரும்பாலும் 2000 வாக்கில் கலைத்தவை. அந்தப் பெண்கள் இருபது வருடம் கழித்து டிவி செய்தியில் இதைப் பார்க்கிறார்கள். என்னுடையதும் அதில் இருக்குமோ என்று நினைக்காதவள் இருந்திருப்பாளா? கருக்கலைப்பு உரிமைக்கு நான் முழு ஆதரவு. அந்த வாரம் எனக்கே சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாநிலத்தில் 2013-இல் இந்திய வம்சாவளிப் பெண் ஒருத்தி ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தாள். இறந்து பிறந்தது, பயத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன் என்றாள். போலீஸ் தொட்டியைத் தேடியது. 2015-இல் 20 ஆண்டு சிறை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் கருக்கொலைக் குற்றச்சாட்டை ரத்து செய்து, அதற்குப் பிறகு வெளியே விட்டார்கள். ஆக, மருத்துவர் வீட்டில் 2,411 என்றால் நல்லடக்கம், ஒரு பெண்ணின் கையில் ஒன்று என்றால் கைவிலங்கு.

---

சேலத்து மாம்பழம் | மார்ச் 6, காலை 6:30

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். ஒரு பழைய ஆளின் எரிச்சலையும் கேளுங்கள்.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலையால்தான் தொடங்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஸ்கேன் வந்தது, வேலை வயிற்றுக்குள்ளேயே முடிந்தது. "வீட்டில் கொடுத்துவிடுங்கள், வயலோரம் புதைத்துக்கொள்கிறோம்" என்பதைக் கேட்கும்போது எனக்கு அந்த வயலோரங்கள்தான் ஞாபகம் வருகின்றன. கொன்றைமரம் அம்மாவைச் சொல்லவில்லை. அவர் வேட்டி கிழித்தவர்.

2017 மார்ச்சில் மகாராஷ்டிரம் சாங்லி பக்கம் மைசால் கிராமத்தில் ஒரு பெண் கருக்கலைப்பில் செத்துப்போனாள். அதை விசாரிக்கப் போன போலீஸ் ஓடையோரம் தோண்டி எடுத்தது 19 கரு. 2022 ஜூனில் பெலகாவி மாவட்டம் முதலகியில் டப்பாக்களில் அடைத்துச் சாக்கடையில் எறிந்த 7 கரு. பையும் பார்கோடும் எடையும் கணக்கும் இருக்கிற இடத்தில் இதைச் செய்வது கஷ்டம். அந்த மஞ்சள் பை நல்லதற்கும்தான் வந்தது.

---

வாய்தா | மார்ச் 6, காலை 8:10

சேலத்து அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும். மைசாலிலும் முதலகியிலும் தப்பு செய்தது கேட்டு வாங்கிப்போன குடும்பங்கள் இல்லை. மருத்துவமனை என்ற பெயரில் கடை நடத்தியவர்கள். எழுதி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் எண் போட்டு ஒப்படைத்தால் அதுவும் கணக்குதான்.

இந்த விஷயத்தில் பதற்றம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு ஒரு கதை. 2018 செப்டம்பரில் கொல்கத்தா ஹரிதேவ்பூரில் காலி மனையைச் சுத்தம் செய்யும்போது 14 பொட்டலம். 14 சிசுக்களின் உடல் என்று நாடு முழுக்க பிரேக்கிங் நியூஸ். மேயரே வந்துவிட்டார். ராத்திரிக்குள் போலீஸே, அதில் மனித உடலே இல்லை, வெறும் மருத்துவக் கழிவு என்றது.

---

லோடு ஏத்தி | மார்ச் 6, மதியம் 2:47

நான் இந்த வண்டி ஓட்டியவன், மூணு வருசம். இப்ப வேற வேலை. அந்த அக்கா எங்க கொண்டுபோவாங்கன்னு கேட்டதால எழுதுறேன். எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பொறுத்துக்கங்க.

75 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே பிளாண்ட். காலையில ரூட் ஆரம்பிக்கும். பையைத் திறக்க மாட்டோம், திறக்கவும் கூடாது. ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணுவோம், எடை ஏறும், வண்டியில ஜிபிஎஸ். பிளாண்ட்ல மஞ்சள் தனி வரிசை. மொத சேம்பர் 800 டிகிரி, ரெண்டாவது 1,050. சின்னப் பை கனமில்லாம வந்தா எங்க பெரியவர் ஒருத்தர் அதை எறிய மாட்டார், கையில வாங்கி வைப்பார். ஏன்னு நாங்க கேட்டதில்ல. சாம்பல் பிறகு அதுக்குன்னு இருக்கிற குழிக்குப் போயிடும்.

தப்பா நடத்த மாட்டோம்க்கா. அதைச் சொல்லத்தான்.

---

வன்னிக்காடு | மார்ச் 6, இரவு 8:15

லோடு ஏத்தி தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன்.

நான் லண்டனில் இருக்கிறேன். இரண்டாவது பிள்ளை 17 கிழமையில் (வாரத்தில்) போனது. இங்கும் ஒருகாலம் உங்கள் ஊர் மாதிரித்தான் இருந்தது. 2014 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிக்கொண்டுவந்தது: 27 அரசாங்க மருத்துவமனை நிர்வாகங்கள் இரண்டு வருடத்தில் 15,500-க்கும் மேற்பட்ட கரு எச்சங்களை எரித்திருக்கின்றன. இரண்டு இடங்களில் கட்டடத்துக்குச் சூடேற்றும் உலையிலேயே மற்றக் கழிவோடு. தாய்மார் பலருக்கு அது தெரியாது. நாடே கொதித்தது. அடுத்த வருடம் மனிதத் திசு ஆணையம் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. அடக்கம், தகனம், தனியாக எரித்தல் மூன்றையும் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினாலும் சரி. எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றாலும் சரி. மற்றக் கழிவோடு மட்டும் கலக்கக் கூடாது.

எனக்கு நடந்தபோது தாதி ஒருத்தி கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒரு படிவத்தைக் காட்டிக் கதைத்தாள். "இப்பவே சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கோ" என்றாள். நான் பொதுத் தகனம் என்று குறியிட்டேன். கணவர் அடக்கம் வேண்டும் என்று நினைத்தாராம், ஒரு வருடத்துக்குப் பிறகுதான் சொன்னார். அதுவும் நடந்தது. படிவம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு மனமில்லை.

வாய்தா சொன்ன 28 வாரம் வெள்ளைக்காரன் கணக்கு. அவனே 1992-இல் அதை 24 ஆக்கிவிட்டான். 24-க்குக் கீழே போனால் இங்கும் பதிவு கிடையாது, ஆனால் 2024-இலிருந்து விரும்பினால் ஒரு சான்றிதழ் எடுக்கலாம். சட்டத்தில் அதற்குப் பெறுமதி ஒன்றும் இல்லை. நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

---

ஒசாகா_ஓரம் | மார்ச் 6, இரவு 11:59

ஜப்பானையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கோடு 12 வாரம். அதற்கு மேல் போனால், கலைத்ததானாலும் தானாகக் கலைந்ததானாலும், 7 நாளைக்குள் அறிவிப்புக் கொடுத்து, அனுமதி வாங்கி, தகனமோ அடக்கமோ செய்ய வேண்டும். அந்த அனுமதிக்கு 1948-இன் கல்லறைச் சட்டம். கருக்கலைப்பு இங்கே சட்டப்படி நடக்கிறது, யாரும் கிளினிக் வாசலில் கொடி பிடிப்பதில்லை. கோயில்களில் இதற்கென்றே வரிசை வரிசையாகச் சின்னக் கற்சிலைகள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டி. அடக்கத்தையும் உரிமையையும் எதிரெதிரே நிறுத்துவது அமெரிக்காவின் சண்டை, எல்லா ஊருக்கும் அது பொருந்தாது.

---

நெருஞ்சி | மார்ச் 7, காலை 9:05

ஜப்பானில் கட்டாயம்தானே அதுவும்? 13 வாரத்தில் கலைத்துவிட்டு வெளியே தெரியாமல் வேலைக்குப் போக நினைக்கிற ஒரு பெண் அறிவிப்பு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அந்த அழகான சிவப்புத் துணி எல்லாம் அவளுக்கு வேண்டுமா?

இரண்டு நாளாக யோசித்தேன். வன்னிக்காடு சொன்னதில் "எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்" என்ற வரிக்கும் இடம் இருக்கிறது. அது இருக்கிற வரை எனக்கு எதிர்ப்பு இல்லை. நான் 23 வயதில் கலைத்தேன். எட்டு வாரம். யாராவது அன்றைக்குப் படிவத்தை நீட்டி, புதைக்கவா எரிக்கவா என்று கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். எனக்கு அது பிள்ளை இல்லை. கொன்றைமரத்தின் தங்கைக்குப் பிள்ளை. ஒரே பை என்பதில்தான் கோளாறு என்று படுகிறது. ஆனால் ஒரே கல்லறை என்றால் அதுவும் அதே கோளாறுதான், அடியேன் ஐயா.

---

அடியேன்_72 | மார்ச் 7, காலை 9:40

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்களிடம் அன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அது கொடுமை என்று புரிகிறது.

---

ராத்திரி டூட்டி | மார்ச் 7, மாலை 5:22

கொன்றைமரம், மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். "எந்தத் தேதி, எந்த நிலையத்துக்குப் போனது" என்று மட்டும் கேளுங்கள். கழிவுப் பதிவேட்டில் தினமும் வகைவாரியாக எடை எழுதியிருக்கும். பெயர் இருக்காது. தங்கைக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

அடுத்து யாருக்காவது இது நேரப்போகிறதென்றால்: வலி தொடங்கும் முன்பே, அட்மிஷன் போடும்போதே, கேஸ் ஷீட்டில் "உடலைக் கேட்கிறார்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். விடியற்காலை நாலரைக்குக் கேட்டால் வார்டில் முடிவெடுக்க ஆள் இருக்காது. இல்லை என்று சொல்வதுதான் அந்த நேரத்தில் சுலபம். நானும் சொல்லியிருக்கிறேன்.

---

கொன்றைமரம் | மார்ச் 11, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. பால் விஷயம் உண்மைதான். அவள் யாரிடமும் சொல்லாமல் துண்டு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டோம்.

திங்கட்கிழமை அந்த மருத்துவமனைக்குப் போனேன். நிர்வாக அலுவலர் முதலில் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்தார். இல்லை, தங்கை கேட்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்தார். பச்சை மையில் கோடு போட்ட பக்கம். பிப்ரவரி 19, மஞ்சள், 6.4 கிலோ, வண்டி எடுத்த நேரம் காலை 7:10, ஒரு கையெழுத்து. 6.4 கிலோவில் எது எங்களுடையது என்று அவருக்கும் தெரியாது. விதியைப் பற்றிக் கேட்டேன், "முன்னாடியே கேட்டிருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். அம்மா முன்னாடி கேட்கவில்லைதான். கேட்கலாம் என்று யார் சொன்னார்கள்?

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லோடு ஏத்தி எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். கனமில்லாத பையைக் கையில் வாங்கி வைக்கும் அந்தப் பெரியவரின் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "ஏழு பத்துக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், காபி கொடுத்தாங்க" என்றாள்.